ஓர் அடையாளத்தை மிச்சம் வைப்பவள்

என் தங்கச்சி ஓய்வு பெற்ற அன்று கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் கொடுத்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. அவள் மகள்தான் படித்துக் காட்டினாள்: 'இருபத்தொன்பது ஆண்டுகள் பேருந்து நிலைய அறிவிப்பாளராகச் செவ்வனே பணியாற்றினார்.' இன்னொரு முறை படி என்றேன். படித்தாள். அதே ஒரு வரிதான். அந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு விஷயத்துக்காக என் தங்கச்சி தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறாள். அது அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதுகிறாள். நடுவில் அழகுபடுத்தக் கூடாது என்று கண்டித்துத்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

அறிவிப்பு அறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது நடைமேடைக்கும் நான்காவதுக்கும் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக், நினைத்தால் ஓடுகிற ஒரு மின்விசிறி, இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்கிற ஒரு டிராயர். முதலில் அவள் டிக்கெட் கவுண்டரில் தற்காலிகமாகத்தான் இருந்தாள். ஒருநாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, இவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். நூறு பேர் பேசுகிற இரைச்சலிலும் அவள் குரல் தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி தனியாக மேலே வந்து நிற்கும். ஊரே மைக்கம்மா என்று கூப்பிட்டது. வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். அவள் வீட்டுக்காரர் பணிமனையில் டயர் மாற்றுகிறவர், "பேச்சையெல்லாம் அங்கயே இறக்கி வெச்சுட்டு, வெறும் வண்டியாத்தான் வீட்டுக்கு வர்றா" என்பார். நான் அவர்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். அவர் சொல்வது பொய்யில்லை.

பேருந்து நிலையம் என்றால் வாரத்துக்கு இரண்டு பிள்ளைகளாவது தொலைந்து கிடைக்கும். யாராவது கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து கூண்டில் விடுவார்கள். இவள் பேரைக் கேட்டு, வயசைக் கேட்டு, போட்டிருக்கிற உடுப்பு என்ன நிறம், காலில் என்ன, கையில் என்ன என்று ஒன்று விடாமல் மைக்கில் சொல்வாள். சொன்னால்தானே பெற்றவர்களுக்குத் தெரியும்? எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தக் குழந்தை போகாது? அதுவும் போனது. என் தங்கச்சி சந்தோஷமாகக் கையாட்டி அனுப்பினாள். கால் மணி நேரம் கழித்துப் பெற்றவள் வந்தாள்.

நாலு நாள். அந்த நாலு நாளும் என் தங்கச்சி சாப்பிடவில்லை. நான் ஊட்டிவிட்டாலும் வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலாம் நாள் வேறொரு ஊரில், ஒரு பேருந்தின் நடத்துனருக்குச் சந்தேகம் வந்து பிடித்துவைக்க, குழந்தை கிடைத்துவிட்டது. பெற்றவள் நன்றி சொல்லவும் வரவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கூண்டுக்கு வெளியே நின்று ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "பேரை ஏங்க சொன்னீங்க?"

அதிலிருந்துதான் தங்கச்சி ஒரு வழக்கம் பிடித்தாள். எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பாள், அடுத்து ஓர் அடையாளத்தை எடுத்து ஒளித்துவைப்பாள். ஒரு தலைப்பின்னூசி, சட்டைப்பையில் இருக்கிற பொம்மைக் காரின் சக்கரம், ஒற்றைக் காலுறை. அது டிராயருக்குள் போய்விடும். மைக்கில், 'ஒரு குழந்தை அறிவிப்பு அறையில் பத்திரமாக இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வருகிறவர்களிடம் டிராயரில் இருப்பதைப் பற்றிக் கேட்பாள். தாய்மார்கள் கேட்டு முடிக்கும் முன்னே சொல்லிவிடுவார்கள். தகப்பன்மார்கள்தான் முழிப்பார்கள். பிள்ளைக்கு என்ன உடுப்பு மாட்டிவிட்டோம் என்று தெரியாத மனிதர்கள். அவர்களை அங்கேயே நிற்க வைத்து, வீட்டுக்குப் போன் போட்டுப் பெண்டாட்டியிடம் கேட்டுச் சொல்லச் சொல்வாள். ஒருத்தர் இரண்டு பாட்டு வாங்கினார் போனிலேயே, பிள்ளையைத் தொலைத்ததற்கு ஒன்று, உடுப்பு தெரியாததற்கு ஒன்று. "ஒண்ணை மிச்சம் வைக்கணும்க்கா. எல்லாத்தையும் சொல்லிட்டா, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவுலயே தொங்க விட்ட மாதிரி" என்பாள்.

வீட்டிலும் அதே கெடுபிடி. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இவளுக்கு ஒரு சொல் சொல்லிக் கொடுத்திருந்தாள். யார் அழைக்க வந்தாலும் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கூடப் போக வேண்டும். ஒருநாள் நல்ல மழை. இவள் அப்பாவே வண்டியை எடுத்துக்கொண்டு அழைக்கப் போனார். சொல் மறந்துவிட்டது. டயர், டியூப், பம்ப் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்த அம்மாள் வாசலைத் தாண்டவில்லை. "அப்பான்னு தெரியுது, ஆனா சொல்லு வேணும்ல" என்றாளாம். பாவம் மனிதர், சொல்லை வாங்கிக்கொண்டு போக மழையிலேயே பேருந்து நிலையத்துக்கு வந்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. மகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளையை யாராவது கடத்திவிட்டால் ஊரில் உள்ள எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறும், பிள்ளையின் படமும் விவரமும் திரையில் வரும். நல்ல திட்டம். நான் குறை சொல்லவில்லை, என் தங்கச்சியும் சொல்லவில்லை. முதல் தடவை சேதி கேட்டபோது சந்தோஷப்பட்டாள். பிறகுதான் பயிற்சி என்று ஒரு மண்டபத்துக்கு அழைத்துப்போனார்கள். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி சுவரில் படம் காட்டி விளக்கினார். பதினாலு கட்டம் உள்ள ஒரு படிவம். பேர், செல்லப்பேர், அம்மா பேர், அப்பா பேர், உடுப்பு, செருப்பு, உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. பதினாலும் நிரம்பினால் பதினாலும் எல்லார் போனிலும் வரும்.

தங்கச்சி எழுந்து நின்றாளாம். "தம்பி, செல்லப்பேர் வரைக்கும் ஊருக்கே சொல்லிட்டா, நாளைக்குப் பிள்ளை கிடைச்சப்புறம் 'நான்தான் மாமன்'னு ஒருத்தன் வந்து நின்னா, அவனை எதை வெச்சுச் சோதிக்கிறது?"

"அது போலீஸ் பாத்துக்குவாங்கம்மா. நீங்க திரையில வர்றதைப் படிச்சாப் போதும்."

"ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வெளிய விடாம வெச்சுக்கலாமே?"

"எழுதிக் கொடுங்கம்மா. ஆலோசனைப் பெட்டி இருக்கு."

எழுதிக் கொடுத்தாள். ஒன்றல்ல, ஏழு கடிதம். ஆறு வருஷத்தில் ஏழு. ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவாள். நான் சொல்கிற இடத்தில் கொஞ்சம் காரம் சேர்ப்பாள். ஏழுக்கும் ஒரே பதில் வந்தது: 'தங்கள் ஆலோசனை பரிசீலனையில் உள்ளது.' ஐந்தாவது பதிலில் அவள் பேரைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். மேலாளரிடம் நேரில் போனாள். அவர் நல்லவர்தான், உட்காரச் சொல்லித் தேநீர் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "எனக்கும் மேல இருக்காங்கம்மா" என்று கூரையைக் காட்டுவார். கூரையில் பல்லிதான் இருக்கும்.

அது போதாதென்று மாதம் ஒருமுறை சோதனை அலறல் வேறு. மத்தியான நேரம், தூங்குகிற குழந்தையெல்லாம் வீரிட்டு எழும். ஊரில் பாதிப் பேர் அதைப் போனில் அணைத்து வைத்துவிட்டார்கள். தங்கச்சி நடைமேடை நடைமேடையாகப் போய், காத்திருக்கிறவர்களிடம் போனை வாங்கி வாங்கி அதைத் திரும்பப் போட்டுவிடுவாள். போன் விற்கிற கம்பெனி ஆள் என்று நினைத்துச் சிலர் விரட்டினார்கள்.

அவள் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது அது நடந்தது. காலை பத்தரை மணி. மருந்துக் கடை வரிசையில் நின்ற ஒருத்தியின் இரண்டரை வயதுப் பையனை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். பார்த்தவர்கள் இருந்தார்கள், அதனால் படிவம் சீக்கிரமே மேலே போயிற்று. பேருந்து நிலையத்தில் எல்லாப் போனும் ஒன்றாக அலறியது. அந்த அலறல் நல்லதுதான் செய்தது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தூக்கி வந்தவன் அங்கேதான் இருந்திருக்கிறான். பயந்துபோய் ஆறாவது நடைமேடையில் பையனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். கூட்டிப் பெருக்குகிறவள் அவனை இடுப்பில் தூக்கிவந்து கூண்டில் விட்டாள். பையன் அழக்கூட இல்லை. மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று சுருண்டுவிட்டான்.

தங்கச்சி போலீசுக்குச் சொன்னாள். பிறகு தன் வழக்கத்துக்கு உட்கார்ந்தாள். என்னத்தை ஒளிப்பது? பேர், செல்லப்பேர், கோடு போட்ட சட்டை, தாடைத் தழும்பு, எல்லாம் ஊருக்கே தெரியும். பையனின் காலைத் தடவிப் பார்த்தாள். ஷூ அவனுக்குப் பெரிசு, அக்காவோ அண்ணனோ போட்டுக் கழித்ததாக இருக்க வேண்டும். உள்ளே, கால் நழுவாமல் இருக்க ஒரு அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். சோப்புப் பெட்டி அட்டை. அப்பாடா என்று அதை உருவி டிராயரில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் ஓடி வந்தார். நல்ல சட்டை, வேர்வையில் நனைந்திருந்தது. பையனின் மாமன், அம்மா கூடப் பிறந்தவன் என்றார். பேர் சொன்னார், செல்லப்பேர் சொன்னார், போனில் படம் காட்டினார். எல்லாம் சரி. எல்லாம் திரையில் வந்ததுதான். பையனைத் தூக்கி வந்து போட்டவன் எப்படி இருப்பான் என்று நிலையத்தில் எவருக்கும் தெரியாது. இவனாகவே இருந்தால்? நிலையத்துக் காவலர் வந்தார். எல்லாரும் அவரை மீசை என்பார்கள். கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். வேலை சீக்கிரம் முடிந்த திருப்தி அவருக்கு.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்," என்றாள் தங்கச்சி. "பையன் ஷூவுக்குள்ள என்ன இருந்துச்சுங்க?"

"ஷூவுக்குள்ளயா? கால் இருந்துச்சு."

"கால் தவிர."

"என்னங்க விளையாடுறீங்களா? படிவத்துல அதெல்லாம் கேக்கவே இல்ல."

"அதனாலதான் நான் கேக்குறேன். பையனோட அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அம்மாவின் போன் எடுக்கவில்லை. ஊர்க்கோடியில் உள்ள பெரிய காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள், போனை வாங்கி வைத்துவிட்டார்கள். மாமன் மேசைக்கு அடியில் குனிந்து பையனைக் கூப்பிட்டார். பையன் இன்னும் உள்ளே நகர்ந்தான். மீசை, "ஏம்மா, வேலையைப் பாக்க விடுங்க" என்று அதட்டினார். வெளியிலிருந்து கண்ணாடியில் எதையோ காட்டப்போகிற மாதிரி இரண்டு பேரையும் வெளியே நடத்திக்கொண்டு போனாள் என் தங்கச்சி. போனவள் தான் மட்டும் உள்ளே திரும்பி வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

முக்கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. மாமன் கண்ணாடியைத் தட்டுகிறார், மீசை மேலிடத்துக்குப் போன் போடுகிறார், கூட்டம் கூடிவிட்டது. இவள் நடுநடுவே பேருந்து நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கிறாள். மைக்கில் அவள் குரலோடு தடதடவென்று தட்டுகிற சத்தமும் ஊர் முழுக்கக் கேட்டதாம். ஒரு வண்டிகூடத் தாமதமாகவில்லை, அதையும் எழுதிக்கொள்.

சேதி எட்டி ஒருவழியாகப் பையனின் அம்மா வந்தாள். தங்கச்சி கேட்டதும் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே, ஷூவுக்குள் சோப்பு அட்டை என்றாள். கதவு திறந்தது. பையன் அப்போதுதான் அழுதான்.

அந்த ஆள் நிஜமாகவே மாமன்தான்.

வெளியூரில் வேலை. பையனை இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். அக்காவுக்கு ஒத்தாசையாக அன்று காலைதான் வந்திறங்கினாராம், செய்தி கேட்டு ஓடி ஓடித் தேடியவர். அத்தனை பேர் முன்னால் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி நிற்க வைத்துவிட்டோமே என்று தங்கச்சி அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அவர் உதறிவிட்டார். அவரையும் நான் திட்ட மாட்டேன். பையனின் அம்மாதான் போகும்போது திரும்பி நின்று, "நானே முதல்ல வந்திருந்தாலும் கேட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டிருப்பேன்மா."

"கேளுங்க. எல்லாரையும் கேளுங்க," என்றாள் அந்தப் பெண்.

மாமன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கச்சிக்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது: அறையை உள்ளே தாழிட்டது ஏன், காவலரைப் பணி செய்ய விடாதது ஏன், படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டது ஏன். மூன்றாவது கேள்விக்கு அவள் நாலு பக்கம் எழுதினாள். மேலாளர் அதைத் தலையில் அடித்துக்கொண்டே மேலே அனுப்பினார். அங்கேதான் ஒரு அதிசயம். ஆலோசனை என்று ஏழு தடவை போனதற்குப் பரிசீலனை. புகார் என்று ஒரு தடவை போனதும் முப்பது நாளுக்குள் நடவடிக்கை எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டுமாம், அவர்கள் சட்டம் அப்படி. இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. உறவினர்களுக்கு இனி இப்படிச் சங்கடம் வராமல் இருக்க, படிவத்தில் பதினைந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்கப்படுகிறது. கட்டத்தின் பேர்: இரகசிய அடையாளம்.

அன்று அவள் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. அவள் வீட்டுக்காரர், "சரி, இனிமே அந்த மழையில நான் நின்னதுக்கும் ஒரு அர்த்தம் வந்துடுச்சு" என்றார். திருப்பிக் கொடுக்க விட்டுப்போய் டிராயரில் கிடந்த பழைய பின்னூசி, சக்கரம் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சட்டம் போட்ட காகிதத்தையும் மாட்டினோம். நிம்மதி என்று நினைத்தோம்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. மத்தியானம் போன் அலறியது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் என் போனில் வருவதை அதுவே வாய்விட்டுப் படிக்கிற மாதிரி, இதை எழுதுகிற இவள்தான் செய்து கொடுத்திருக்கிறாள். அது படித்தது: பக்கத்து ஊரில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. பேர் படித்தது. செல்லப்பேர் படித்தது. உடுப்பு, செருப்பு, மச்சம். கடைசியாக, அதே குரலில், நிதானமாகப் படித்தது: "இரகசிய அடையாளம். உள்சட்டையில் நீல நூலில் தைத்த பொத்தான்."

தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். இன்னொரு தடவை படிக்க வைத்தாள். அது சலிக்காமல் படித்தது. ஊரெல்லாம் படித்திருக்கும்.

கட்டத்தைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டார்கள். அதை வெளியே விடக் கூடாது என்று கணினிக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பதினைந்தும் நிரம்பினால் பதினைந்தும் போகும். அந்தக் குழந்தை சாயங்காலமே கிடைத்துவிட்டது, தெரிந்தவர் வீட்டில் இருந்ததாம். என் தங்கச்சி மட்டும் அன்று சாப்பிடவில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவது கடிதம் எழுதுவாள் என்று நினைத்தேன். காகிதத்தை எடுத்தாள், மடித்து வைத்துவிட்டாள். "எழுதுனா ஆலோசனைன்னு போட்டுடுவாங்கக்கா. நான் அவங்க ஆளு. பழைய ஆளு."

"அப்ப நான் போறேன்," என்றேன்.

"நீ போய் என்ன சொல்லுவ?"

"புகார் சொல்லுவேன். எங்க வீட்டுப் போன் இரகசியத்தை ஊருக்கே கத்துதுன்னு சொல்லுவேன். வயசானவளுக்குச் சங்கடமா இருக்குன்னு சொல்லுவேன். சங்கடம்னாத்தானே அவங்களுக்குக் காது கேக்குது?"

மறுநாள் இரண்டு பேருந்து மாறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண், ஆலோசனையா பாட்டி என்று கேட்டாள். புகார் என்றேன். யார் மேல் என்றாள். பதினைந்தாவது கட்டத்தின் மேல் என்றேன். அப்படிப் போட இடமில்லை என்றாள். இடம் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு வேறு ஒருவர் வந்து எழுதிக்கொண்டார். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 'ஆலோசனை' என்று ஓர் இடத்தில் நுழைத்திருந்தார். அடிக்கச் சொன்னேன். அடித்தார். பிறகுதான் கைநாட்டு வைத்தேன். ஒரு எண் கொடுத்தார்கள். தங்கச்சி அதைச் சட்டம் போட்ட காகிதத்தின் கண்ணாடியில், மூலையில் செருகி வைத்திருக்கிறாள்.

இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. சோதனை அலறல் நேற்று வந்தது. அதிலும் பதினைந்தையும் படித்தது.